டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட்: எந்த எபிசோட் தேறும், எது தேறாது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட் ஓர் அமெரிக்கத் திகில் தொலைக்காட்சித் தொடர். முடிவை உடைக்கும் பதில்களின் தலைப்பில் "முடிவு உண்டு" என்று போட்டிருக்கிறோம். தொடரைப் பார்க்காதவர்கள் அவற்றைத் தாண்டிப் போகலாம்.

இது ஒரே கதையா, தனித்தனிக் கதைகளா? மொத்தம் எத்தனை?

தனித்தனிக் கதைகள்தான். பெரும்பாலானவை 25 முதல் 30 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அமெரிக்காவின் ஹெச்பிஓ சானலில் 1989 ஜூன் 10 அன்று தொடங்கி 1996 ஜூலை 19 வரை ஏழு சீசன், 93 எபிசோட் வந்தது. சீசன் வாரியாக 6, 18, 14, 14, 13, 15, 13. எல்லாக் கதைகளுக்கும் பொதுவாக இருப்பது கிரிப்ட் கீப்பர் என்ற பிணப் பொம்மை ஒன்றுதான். கதைக்கு முன்னும் பின்னும் வந்து கடி ஜோக் அடித்துவிட்டுப் போகும்.

தயாரிப்பாளர்கள் ரிச்சர்ட் டோனர், வால்டர் ஹில், ராபர்ட் ஸெமெக்கிஸ், ஜோயல் சில்வர், டேவிட் கைலர். அன்றைக்கு ஹாலிவுட்டில் கொடிகட்டிப் பறந்தவர்கள். தொடக்க இசை டேனி எல்ஃப்மேன்.

கதைகள் எங்கிருந்து வந்தவை?

1950களின் முதல் பாதியில் இ.சி. நிறுவனம் வெளியிட்ட காமிக்ஸ் இதழ்களிலிருந்து. டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட் என்ற இதழ் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். த வால்ட் ஆஃப் ஹாரர், த ஹாண்ட் ஆஃப் ஃபியர், க்ரைம் சஸ்பென்ஸ்டோரீஸ், ஷாக் சஸ்பென்ஸ்டோரீஸ் ஆகிய சகோதர இதழ்களிலிருந்தும் நிறைய எடுத்திருக்கிறார்கள். சில எபிசோடுகளில் பேயே இல்லாததற்குக் காரணமும் இதுதான். அவற்றின் மூலக்கதை குற்றக்கதை இதழில் வந்தது.

இதழ்களின் பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ். குழந்தைகளைக் காமிக்ஸ் கெடுக்கிறதா என்று அமெரிக்க செனட் குழு விசாரித்தபோது, 1954 ஏப்ரல் 21 அன்று அவர் நேரில் சாட்சி சொன்னார். ஒரு கையில் கோடரி, மறு கையில் பெண்ணின் வெட்டுண்ட தலையோடு ஒருவன் நிற்கும் அட்டைப்படத்தைக் காட்டி, "இது நல்ல ரசனையா?" என்று கேட்டார் செனட்டர் கீஃபாவர். திகில் காமிக்ஸுக்கு இது நல்ல ரசனைதான், தலையை இன்னும் உயர்த்திப் பிடித்து ரத்தம் சொட்டுவதைக் காட்டியிருந்தால் மோசமாக இருந்திருக்கும் என்ற பொருளில் பதில் சொன்னார் கெய்ன்ஸ். அந்தப் பதில் அவருக்குப் பெரிய கெட்ட பெயரைத் தேடித்தந்தது. அதே ஆண்டு காமிக்ஸ் நிறுவனங்கள் தாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாட்டு விதிகள், தலைப்பில் "ஹாரர்", "டெரர்" என்ற சொற்களைப் போடக்கூடாது என்றன. இ.சி.யின் திகில் இதழ்கள் மூடப்பட்டன.

தொலைக்காட்சித் தொடரைப் பார்க்கும்போது இந்த வரலாறு உதவும். ஹெச்பிஓ சந்தா கட்டிப் பார்க்கும் சானல். விளம்பரதாரரைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. செனட் குழு முகம் சுளித்த தலையை இங்கே உயர்த்திப் பிடித்தே காட்டுகிறார்கள். சில எபிசோட் கெட்டுப்போவதும் அதனால்தான்.

முதல் எபிசோடிலிருந்து வரிசையாகப் பார்க்க வேண்டுமா?

தேவையே இல்லை. ஒன்றுக்கொன்று தொடர்பு கிடையாது. ஆனால் முதல் சீசனில் ஆறே எபிசோட் என்பதால் அதை மட்டும் வரிசையாகப் பார்த்துவிடலாம், மூன்று மணி நேரம்கூட ஆகாது. அதிலும் முதல் நாள் ஒன்றாக ஒளிபரப்பான மூன்று போதும், தொடரின் முழு வீச்சும் பிடிபட்டுவிடும். வால்டர் ஹில்லின் "த மேன் ஹூ வாஸ் டெத்", ஸெமெக்கிஸின் "ஆண்ட் ஆல் த்ரூ த ஹவுஸ்", டோனரின் "டிக் தட் கேட்... ஹீ'ஸ் ரியல் கான்" ஆகியவை அவை. பிறகு இரண்டாம், மூன்றாம் சீசன்களில் பொறுக்கிப் பார்க்கவும். தொடரின் வளமான காலம் அதுதான். நான்கு, ஐந்தில் ஏற்ற இறக்கம். ஆறு, ஏழில் தேடித்தான் எடுக்க வேண்டும்.

எல்லா எபிசோடிலும் கெட்டவனுக்குத் தண்டனைதான். முடிவு முன்னாலேயே தெரிகிறதே? (முடிவு உண்டு)

இந்தத் தொடர்மேல் வைக்கப்படும் முக்கியமான குறை இது. தண்டனை கிடைக்கும் என்பது முதல் நிமிடத்திலேயே தெரியும், அதை மறைக்க அவர்களும் முயல்வதில்லை. எந்த வடிவத்தில் வரும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பட்டினத்தாருக்கு விஷம் வைத்த அப்பத்தைக் கொடுத்த கதை நமக்குத் தெரியும். அவர் அந்த அப்பத்தை வீட்டுக் கூரையில் செருகி, "தன்வினை தன்னைச் சுடும், ஓட்டப்பம் வீட்டைச் சுடும்" என்று சொல்லிவிட்டுப் போனார், வீடு பற்றி எரிந்தது. இடி விழுந்து எரிந்திருந்தால் அந்தக் கதையில் ஒன்றுமில்லை. சுட்டது அதே அப்பம். இந்தத் தொடரின் எபிசோடுகளை நிறுக்க இதைவிட நல்ல படிக்கல் கிடையாது. குற்றத்துக்குப் பயன்பட்ட பொருளே திரும்பி வந்து சுட்டால் எபிசோட் தேறும். வெளியிலிருந்து ஒரு பேய் வந்து கடித்தால் தேறாது.

"த மேன் ஹூ வாஸ் டெத்" எபிசோடில் வில்லியம் சாட்லர் மின் நாற்காலியை இயக்கும் சிறை ஊழியர். மாநிலம் மரண தண்டனையை ஒழிக்கிறது, வேலை போகிறது. நீதிமன்றத்தில் தப்பியவர்களைத் தானே மின்சாரம் வைத்துக் கொல்லத் தொடங்குகிறார். பிடிபடும்போது மரண தண்டனை திரும்ப வந்துவிட்டிருக்கிறது. அவர் பார்த்துப் பார்த்துப் பராமரித்த அதே நாற்காலி. எபிசோட் முழுக்க கேமராவைப் பார்த்து நம்மிடம் நியாயம் பேசிய வாய், கடைசியில் கெஞ்சுகிறது.

"டிக் தட் கேட்" எபிசோடில் ஜோ பான்டோலியானோவுக்குப் பூனையின் ஒன்பது உயிர் அறுவைச் சிகிச்சையில் கிடைக்கிறது. (ஆங்கிலேயர் நம்பிக்கையில் பூனைக்கு ஒன்பது உயிர்.) திருவிழாக் காட்சிகளில் செத்துச் செத்துப் பிழைத்துக் காசு பார்க்கிறான். கடைசி உயிர் பாக்கி இருக்கிறது என்ற தெம்பில் சவப்பெட்டியில் உயிரோடு புதைபடுகிறான். மண் போட்ட பிறகுதான் உறைக்கிறது: சிகிச்சையின்போது பூனை செத்ததே, அது ஓர் உயிர். கணக்கில் வந்த ஒற்றைப் பிழைதான் அவனைக் கொல்கிறது. இதற்கு ஒரு சொட்டு ரத்தம் தேவைப்படவில்லை.

மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் இயக்கிய "த ட்ராப்" இன்னொன்று. காப்பீட்டுப் பணத்துக்காகத் தான் செத்ததாக நாடகமாடுபவன், முகத்தை மாற்றிக்கொண்டு திரும்பி வருகிறான். தன்னையே கொன்றதாகக் குற்றம் சாட்டப்படுகிறான்!

தேறாததற்கு உதாரணம் ஆறாம் சீசனின் "99 அண்ட் 44/100 பர்சென்ட் ப்யூர் ஹாரர்". சோப்பு முதலாளியான கணவனைக் கொன்று சோப்பாக்குகிறாள் மனைவி, சோப்பு அவளைத் தின்கிறது. கணக்குப்படி அப்பம் வீட்டைச் சுட்டுவிட்டது. ஆனால் சோப்பு வந்த நிமிடமே குளியலறைக் காட்சி நம் கண்முன் ஓடிவிடுகிறது. பொருள் சரி, மறைத்து வைத்த விதம் தவறு.

"ஆண்ட் ஆல் த்ரூ த ஹவுஸ்" உண்மையிலேயே அவ்வளவு உசத்தியா? (முடிவு உண்டு)

ஆமாம். கிறிஸ்துமஸ் இரவு. மனைவி கணவனைக் கொல்கிறாள். அதே நேரம் மனநலக் காப்பகத்திலிருந்து தப்பிய கொலைகாரன் ஒருவன் சாண்டா வேடத்தில் வீட்டைச் சுற்றுகிறான். போலீஸைக் கூப்பிட முடியாது, வீட்டில் பிணம் இருக்கிறது. கூப்பிடாமலும் இருக்க முடியாது, வெளியே கோடரி இருக்கிறது. இந்த ஒரு முடிச்சை வைத்தே அரைமணி நேரம் ஓட்டுகிறார் ஸெமெக்கிஸ்.

கொலைப்பழியைத் தப்பியவன் தலையில் கட்டிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றும் இடத்தில்தான் கதையின் திறமை. ஆபத்தையே ஆதாயமாக்கப் பார்க்கிறாள், நாமும் ஒரு கணம் "நல்ல யோசனை" என்கிறோம். அவள் ஜெயிக்க நாம் விரும்பத் தொடங்கிய பிறகே மாடியிலிருக்கும் குழந்தை நினைவுக்கு வருகிறது. சாண்டா வருவாரென்று காத்திருந்த குழந்தை, சாண்டா வந்தால் கதவைத் திறக்காமல் என்ன செய்யும்?

மேரி எல்லன் ட்ரெய்னர் கிட்டத்தட்ட தனியாளாகத் தாங்குகிறார். சாண்டாவாக வரும் லாரி டிரேக் கிட்டத்தட்ட வசனமே இல்லாமல் மிரட்டுகிறார். இதே கதையை 1972இல் வந்த பிரிட்டிஷ் திரைப்படத்தில் ஃப்ரெடி ஃபிரான்சிஸ் ஜோன் காலின்ஸை வைத்து எடுத்திருக்கிறார். அது அடக்கமானது, குளிர்ச்சியானது. ஸெமெக்கிஸ் எடுத்தது ஓட்டமும் கூச்சலும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே முடிச்சை இரு கை எப்படி அவிழ்க்கிறது என்று தெரியும். எங்கள் ஓட்டு தொலைக்காட்சிக்கு.

பேயே இல்லாத எபிசோட் வேண்டும். எதைப் பார்ப்பது? (முடிவு உண்டு)

மூன்று சொல்லலாம்.

"கட்டிங் கார்ட்ஸ்", இரண்டாம் சீசன். லான்ஸ் ஹென்ரிக்சனும் கெவின் டையும் ஒருவரையொருவர் ஜென்மப் பகையாக வெறுக்கும் சூதாடிகள். ஊரை விட்டு யார் போவது என்று பந்தயம். முதல் ஆட்டத்தில் தீராமல் துப்பாக்கிக்குப் போகிறது, அதிலும் தீராமல் தோற்றவன் விரலை வெட்டும் ஆட்டத்துக்குப் போகிறது. கடைசிக் காட்சியில் கைகாலில்லாத இருவரும் மருத்துவமனையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருக்கிறார்கள், அப்போதும் சண்டை ஓயவில்லை. வால்டர் ஹில் இதில் ஒரு காட்சியைக்கூட வீணாக்கவில்லை. தொடரின் மிகக் கச்சிதமான எபிசோட் எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வோம்.

"கேரியன் டெத்", மூன்றாம் சீசன். கைல் மெக்லாக்லன் தப்பியோடும் கொலைகாரன். துரத்தி வந்த போலீஸ்காரர் தன் கையையும் அவன் கையையும் விலங்கால் பூட்டி, சாவியை விழுங்கிவிட்டுச் சாகிறார். அப்புறம் பாலைவெயில், பிணம், தலைக்குமேல் கழுகு. பாதிக்கு மேல் அவன் பேசுவது பிணத்திடம் மட்டும்.

"யெல்லோ", மூன்றாம் சீசனின் கடைசி. 1918, பிரான்ஸ் போர்முனை. கோழை மகனுக்கு மரண தண்டனை, தளபதியோ அப்பா. நிஜ அப்பா மகனான கிர்க் டக்ளஸும் எரிக் டக்ளஸும் நடித்திருக்கிறார்கள். "துப்பாக்கிகளில் வெற்றுத் தோட்டாதான், தைரியமாகப் போய் நில்" என்று மகனிடம் சொல்கிறார் அப்பா. மகன் நிமிர்ந்து நிற்கிறான். தோட்டா வெற்றல்ல. கோழைத்தனக் குற்றம் சாட்டப்பட்ட சிப்பாய்களுக்காக வாதாடும் அதிகாரியாக 1957இல் "பாத்ஸ் ஆஃப் குளோரி" படத்தில் நடித்தவரும் இதே கிர்க் டக்ளஸ்தான். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் வயிறு கலங்கும்.

"யெல்லோ", நான்காம் சீசனின் "ஷோடவுன்", "கிங் ஆஃப் த ரோடு" மூன்றும் "டூ-ஃபிஸ்டட் டேல்ஸ்" என்ற தனித் தொலைக்காட்சிப் படத்திலும் இடம்பெற்றவை. அவற்றில் பேய்வாடை குறைவாக இருப்பதற்கும், பின்னிரண்டும் இந்தத் தொடரோடு ஒட்டாமல் துருத்திக்கொண்டிருப்பதற்கும் அதுவே காரணம்.

கெட்டவனே இல்லாமல், நல்லவர்கள் சாகும் எபிசோடுகளும் உண்டாமே?

உண்டு. இரண்டாம் சீசனின் "த்ரீ'ஸ் எ க்ரவுட்" அப்படிப்பட்டது. மனைவிக்கும் நண்பனுக்கும் தொடர்பு என்று சந்தேகப்படும் கணவனின் கதை. சிரிப்பு இல்லை, பேய் இல்லை. முடிந்தபின் பொம்மை வந்து ஜோக் அடிக்கும்போது கோபம்தான் வரும். ராத்திரி தூங்குவதற்கு முன் இதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

பிரபல நடிகர்களுக்காகப் பார்க்கலாமா?

நடிகரை வைத்துத் தேர்ந்தெடுத்தால் அடிக்கடி ஏமாறுவீர்கள். பிராட் பிட் இருக்கிறார் என்று "கிங் ஆஃப் த ரோடு" பார்ப்பவர்களுக்குக் கிடைப்பது ஒரு கார் பந்தயம், அவ்வளவுதான். எவான் மெக்ரெகர் ("கோல்ட் வார்"), டேனியல் கிரேக் ("ஸ்மோக் ரிங்ஸ்") இருவரும் ஏழாம் சீசனில் இருக்கிறார்கள். அவர்களுடைய இளமுகத்தைப் பார்த்த திருப்தி மிஞ்சும்.

கொடுத்த காசுக்கு மேலேயே தருபவர்களும் இருக்கிறார்கள். "டெத் ஆஃப் சம் சேல்ஸ்மென்" எபிசோடில் டிம் கரி அப்பா, அம்மா, மகள் என மூன்று வேடத்திலும் வருகிறார். "ஸ்ப்ளிட் பர்சனாலிட்டி" எபிசோடில் ஜோ பெஷி இரட்டையர் சகோதரிகளை ஏமாற்ற, தனக்கும் ஓர் இரட்டை இருப்பதாகப் புளுகுகிறார். தலைப்பே முடிவைச் சொல்லிவிடுகிறது, ஆனாலும் சிரிப்பு நிற்காது. "த ரிலக்டண்ட் வேம்பயர்" எபிசோடில் மால்கம் மெக்டவல் ரத்த வங்கியின் இரவுக் காவலாளியாக வேலை பார்க்கும் ரத்தக்காட்டேரி. யாரையும் கடிக்க மனமில்லாமல் கையிருப்பைக் குடித்தே காலம் தள்ளுகிறார். ஸ்டாக் குறைகிறது, கணக்கு இடிக்கிறது. பயத்துக்கு அல்ல, சிரிப்புக்குப் பார்க்க வேண்டியது.

நடிகர்கள் இயக்கிய எபிசோடுகள் எப்படி?

அர்னால்ட் ஷ்வார்ஸ்நெக்கர் முதன்முதலில் இயக்கியது இரண்டாம் சீசனின் "த ஸ்விட்ச்". கிழக் கோடீஸ்வரர் ஒருவர் காதலிக்காக ஒரு வாலிபனின் முகம், உடம்பு, கால் என்று தவணை முறையில் விலைக்கு வாங்குகிறார். கடைசியில் வாலிபம் இவரிடம், பணம் அவனிடம். அவள் யாரைக் கட்டிக்கொள்வாள் என்பது கணக்குத் தெரிந்தவர்களுக்குப் புரியும். நிதானமான, அடக்கமான வேலை. அர்னால்டிடம் இதை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். நான்காம் சீசனைத் தொடங்கிவைத்த டாம் ஹாங்க்ஸின் "நன் பட் த லோன்லி ஹார்ட்" சுமார். ஏழாம் சீசனின் தொடக்கத்தை பாப் ஹாஸ்கின்ஸ் இயக்கினார்.

கிரிப்ட் கீப்பரின் ஜோக்குகள் எரிச்சலாக இருக்கின்றன. ஓட்டிவிடலாமா?

ஓட்டலாம், கதைக்கு நட்டமில்லை. ஆனால் ஜோக்குகள் எல்லாம் சிலேடை என்பதால் ஆங்கில ஒலி காதில் ஏறாமல் சப்டைட்டிலை மட்டும் படித்தால் உப்புச் சப்பில்லாமல்தான் இருக்கும். "பாய்ஸ் அண்ட் கேர்ள்ஸ்" என்பதை "பாயில்ஸ் அண்ட் கூல்ஸ்" என்று மாற்றிக் கூப்பிடும். சிறுவர்களே சிறுமிகளே என்பது கொப்புளங்களே பிணந்தின்னிகளே ஆகிவிடுகிறது. காளமேகத்தின் கால் தூசுக்கு வராது. ஆனாலும் இந்த மட்டமான சிலேடையை அந்தக் கீச்சுக் குரலில், அந்தச் சிரிப்போடு கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

பொம்மையை உருவாக்கியவர் கெவின் யேகர், குரல் ஜான் கஸீர். காமிக்ஸில் இந்தப் பாத்திரம் உயிருள்ள கிழவர்தான். 1972 படத்தில் ரால்ஃப் ரிச்சர்ட்ஸன் நடித்ததும் மனித முகத்தோடுதான். அழுகிய பிணமாக்கியது தொலைக்காட்சி. பொம்மையின் பிறப்புக் கதை வேண்டுமென்றால் இரண்டாம் சீசனின் "லோயர் பெர்த்" பாருங்கள், யேகரே இயக்கியது. இரண்டு முகம் கொண்ட கண்காட்சி மனிதனுக்கும் எகிப்திய மம்மிக்கும் காதல். மேற்கொண்டு சொல்ல வேண்டாம்.

"யூ, மர்டரர்" வெறும் தொழில்நுட்ப வித்தையா?

பாதி அப்படித்தான். 1995இல் வந்தது, ஸெமெக்கிஸ் இயக்கியது. கதை முழுக்க ஒரு பிணத்தின் கண்வழியே நகர்கிறது. கண்ணாடியில் தெரியும்போது மட்டும் அந்த முகம் தெரியும், அது எப்போதோ இறந்துபோன ஹம்ஃப்ரி போகார்ட்டின் முகம். கணினியில் ஒட்டியது. இன்றைக்குப் பார்த்தால் ஒட்டு தெரிகிறது. கதையும் இரு கூட்டாளிகள் சேர்ந்து ஒருவனைக் கொன்ற சாதாரணக் கதைதான். எபிசோடைத் தாங்குபவர்கள் ஜான் லித்கோவும் இஸபெல்லா ரோஸலினியும். போகார்ட்டோடு "காஸாபிளாங்கா"வில் நடித்த இங்கிரிட் பெர்க்மனின் மகள் ரோஸலினி. அந்த உள்குத்து புரிந்தால் ரசிக்கலாம். புரியாதவர்களுக்கு நீளமாகத் தோன்றும்.

ஏழாம் சீசன் ஏன் வேறு மாதிரி இருக்கிறது?

அதைப் பிரிட்டனில் எடுத்தார்கள். நடிகர்களும் பெரும்பாலும் அங்குள்ளவர்கள். ஒளி மங்கல், பேச்சு அடக்கம், காமிக்ஸ் வண்ணத்தின் பகட்டு போய்விட்டது. இ.சி. கதைகளுக்கு அந்தப் பகட்டு வேண்டும். சிவப்பும் பச்சையும் அடிக்கும் வெளிச்சம், கோணலான கேமரா இவை இருந்தால்தான் கொடூரம் கேலிச்சித்திரமாகும். இல்லையென்றால் வெறும் கொடூரம். 1972 படத்தின் இயக்குநர் ஃப்ரெடி ஃபிரான்சிஸே வந்து "லாஸ்ட் ரெஸ்பெக்ட்ஸ்" எடுத்துக் கொடுத்தார் என்பது ஆறுதல். கடைசி எபிசோடான "த தேர்ட் பிக்" கார்ட்டூன். ஏழு வருடத் தொடரை இதோடா முடித்தார்கள் என்று இருக்கும்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

கூடாது. ரத்தம் ஒருபுறம் இருக்கட்டும், நிர்வாணமும் கெட்ட வார்த்தையும் தாராளம். குழந்தைகளுக்கென்று "டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட்கீப்பர்" என்ற கார்ட்டூன் தொடர் 1993இல் தொடங்கியது. பெயர் ஒரு சொல்தான் வேறு என்பதால் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

எந்தப் பதிப்பைப் பார்ப்பது?

டிவிடியில் ஏழு சீசனும் வந்திருக்கின்றன. பொதுச் சானல்களில் மறு ஒளிபரப்பு ஆனவை வெட்டுப்பட்டவை. இணையத்தில் அங்கங்கே கிடக்கும் பதிவுகளில் அவையும் கலந்திருக்கும். விளம்பரத்துக்காகத் திடீரென்று திரை இருண்டு மறுபடி தொடங்கினாலோ, வசனத்தின் நடுவே ஒலி அமுங்கினாலோ அது வெட்டுப்பட்டது. "கட்டிங் கார்ட்ஸ்" போன்ற கதையில் வெட்டுவதையே வெட்டிவிட்டால் என்ன மிஞ்சும்?

ஒரே இரவில் ஐந்து எபிசோட் பார்க்க நேரம் இருக்கிறது. எந்த வரிசையில்?

"டிக் தட் கேட்" முதலில், ஏனென்றால் வேகம் அதில்தான் அதிகம். அடுத்து "கட்டிங் கார்ட்ஸ்". நடுவில் மூச்சு விட "த ரிலக்டண்ட் வேம்பயர்". பிறகு "யெல்லோ". இது மற்றவற்றைவிட நீளம் என்பதால் கண் சொக்குவதற்கு முன் பார்த்துவிட வேண்டும். கடைசியாக "ஆண்ட் ஆல் த்ரூ த ஹவுஸ்". அதற்கு முன் வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு வரவும்.